சென்னம்மாள் இறக்கிய ஓடு

மலைப்பாதை வேலையில் கல் சுமந்த கூலியைச் சேர்த்து, அறுபத்தாறாம் வருசம் சென்னம்மாள் ஒரு வீடு வாங்கினாள். புருசன் செத்தபின் பதினோரு வருசம் அடிவாரத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள். "எப்போ போறே?" என்று யாரும் கேட்க முடியாத ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

மலைமேல் திருப்புலி நாட்டில் மிளகு வியாபாரி ஒருவர் நூறு வருசத்துக்கு முன் கட்டிய கல்வீடு அது. பலாமரக் கதவு இருந்தது, முழ அகலச் சுவர் இருந்தது, கூரைதான் இல்லை. உள்ளே ஆளுயரத்துக்குச் செடி மண்டிக் கிடந்தது. வியாபாரியின் பேரன் மலையேற மனமில்லாமல் கீழேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

செடியை வெட்டினாள், சுவருக்கு மண் பூசினாள். ஊரில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் உப்புக்கும் கேட்டுக் கேட்டு வாழ்ந்தது போதும் என்றிருந்தது. லாரிப் பாதை முடிகிற சோளக்காடு ஊர் வரை வந்த ஓடுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, அடிவாரத்துத் தச்சரை வைத்துக் கூரை போட்டாள்.

அதன்பின் அந்த வாசலில் ஒருவரும் கால் வைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பக்கத்துக் காட்டுச் சின்னாயி வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள்.

"ஏனுங்க, எங்கூருச் சாமியே புல்லுக் கூரையிலதான் குடியிருக்குது. உங்களுக்கு ஓடு கேக்குதாக்கும்?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"கேட்டீங்களா நீங்க?"

ஐப்பசி மழை முழுக்க ஒரு சொட்டு ஒழுகவில்லை. சென்னம்மாள் கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தபோது தண்ணீர் மொண்டு தர ஆளில்லை. போகச் சொல்ல ஆளில்லாத வீடு, வரவும் ஆளில்லாமல் கிடந்தது.

தை பிறந்ததும் ஏணி போட்டு ஓட்டை ஒவ்வொன்றாகத் தானே இறக்கினாள். பிறகு வீடு வீடாகப் போய், "கூரை மேயோணும், வாங்க" என்றாள். அந்த ஊரில் கூரை வேலைக்குக் கூலி கிடையாது. நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ஓட்டை இறக்கியதைவிட, 'வாங்க' என்ற அந்த ஒரு சொல்தான் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

பதினான்கு பேர் புல்லுக்கட்டோடு வந்தார்கள். சின்னாயியின் புருசன் வெள்ளையன் மோட்டுவளையில் உட்கார்ந்து கேட்டான்.

"இந்த ஓட்டையெல்லாம் என்னங்க பண்ணப் போறீங்க?"

"கோழிக்கு ஊடு கட்டறேன்."

"கோழிக்கும் புல்லுதானுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பிற்பகலுக்குள் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு அவரவர் காட்டுக்குப் போய்விட்டார்கள். சின்னாயி மட்டும் வட்டிலோடு உள்ளே உட்கார்ந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"இத்தாம் பெரிய ஊட்டுல ஒத்தையாவா இருக்கறீங்க?"

"பழகிப்போச்சு."

சின்னாயி எழப் பார்த்தாள். சென்னம்மாள் அவள் வட்டிலில் இன்னொரு கரண்டி சாமைச்சோறு வைத்தாள். அதைத் தின்று முடிக்கும் வரையாவது உட்கார்ந்திருப்பாள்.