பல்லைப் பிடுங்கிய விஷம்

எங்கள் ரெட்டியபட்டிக்கு ஆடுகளுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். துப்பட்டாவால் தலையைச் சுற்றிக் கட்டி, முழங்கை வரை புழுதியோடு நின்றார். ஒவ்வொரு ஆட்டின் காதிலும் "மன்னிச்சுக்கோ தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் குத்துவார். கிடாயும் அவருக்குத் தாயிதான்.

முந்தின வருஷம் மழைக்குப் பிறகு, இளம்புல் மேய்ந்த என் ஆடுகளில் நான்கு துள்ளித் துடித்துச் செத்திருந்தன.

"அது என்ன நோயி டாக்டரம்மா?" என்றேன்.

"துள்ளுமாரிண்ணே. குடல்ல இருக்குற கிருமி ஒரு விஷத்தை விடும். அது உடம்புச் செல்லுல ஓட்டை போட்டுரும். செல்லு செத்தா ஆடும் செத்துரும்."

"இந்த ஊசியில என்ன மருந்து இருக்கு?"

"அதே விஷந்தான்."

சட்டென்று ஆட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பல்லைப் புடுங்குன விஷம்ண்ணே, கடிக்காது. உடம்பு இதப் பாத்து வச்சுக்கிட்டா, நெசமான விஷம் வாரப்ப மடக்கிரும்."

பயந்துகொண்டேதான் ஆட்டை விட்டேன். அந்த வருஷ மழைக்கு ஓர் ஆடுகூடச் சாகவில்லை. சத்து மருந்து என்று சொல்லியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். என்னிடம் எதற்கு உண்மையைச் சொன்னார் என்று இன்றும் யோசிப்பேன். யோசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.