நெயில் பாலிஷுக்கு ஒரு ஜெபக்குறிப்பு

என் தம்பி யோசுவாவின் மனைவி விமலகுமாரிக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆர்வம். நெயில் பாலிஷ். ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினான்கு குப்பிகள் வைத்திருந்தாள். மருந்து வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போனால் புது நிறம் ஒன்றோடு திரும்புவாள். ஒரு பூச்சு போதுமா இரண்டு வேண்டுமா, மினுக்கம் உள்ளது நல்லதா இல்லாதது நல்லதா என்று பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

யோசுவா டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆறு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. பிள்ளைகள் இல்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். அதே செங்கல் கிராமத்தில் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனபோது, தம்பி கட்டிலில் முனகிக்கொண்டு கிடக்க, இவள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து விரலையும் விரித்து ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேருக்கு நேர் திட்டியிருந்தால் தேவலை. நான் ஓய்வுபெற்ற டீச்சர் அல்லவா, அப்படிச் செய்வேனா? மரியாதை கெடாமல் ஒருத்தியை அவமானப்படுத்த எங்கள் சபையில் வேறு வழி உண்டு. பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: 'சகோதரி விமலகுமாரி உலக அலங்காரத்தை விட்டு, கணவரின் சுகத்துக்காகப் பாரப்பட்டு ஜெபிக்க.' முப்பது பெண்கள் கண்ணை மூடி ஜெபித்தார்கள். அவளும் அங்கேதான் இருந்தாள். விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் குறுக்கெழுத்துப் போடுகிறேன். அதனால் யாருக்கும் ஒரு பிடி சோறு கிடைத்ததில்லை. அதை விட்டொழிக்க வேண்டும் என்று யாரும் எனக்காக ஜெபித்ததும் இல்லை.

அவள் டப்பாவோடு எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று அடுத்த கூட்டத்தில் நன்றி சொன்னோம்.

மூன்று மாதம் கழிந்து பக்கத்து வீட்டு சத்யபாமா போன் செய்தாள். கஞ்சியைத் துப்பினான் என்று விமலா யோசுவாவை அறைந்துவிட்டாளாம். ஆறு வருடத்தில் அவள் குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்பியின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அவள் துடைத்த தரையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்டேன்.

"மைனி, பாலிஷ் காயுத வரைக்கும் நான் ஒண்ணையும் தொடண்டாம். ஆரு விளிச்சாலும் எழும்பண்டாம்," என்றாள் நிமிராமல். "அந்த பத்து நிமிசமாக்கும் எனக்குன்னு இருந்தது."

நான் செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது. சனிக்கிழமை ஒரு சிவப்புக் குப்பி வாங்கிக்கொண்டு போனேன். நீ பூசிக்கொண்டு இரு, இவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் குப்பியை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இனி வேண்டாம் மைனி. சும்மா இருந்தா இப்போ பேடியும் பயமுமா இருக்கு. எழும்பி எங்கயாவது போயிருவேன். பெறகு வரமாட்டேன்."

கட்டிலில் யோசுவா கூரையைப் பார்த்துக் கிடந்தான். அவனுக்குப் பேச்சுதான் போயிற்று. காது நன்றாகக் கேட்கும்.