சுன்மாயாவின் பதினெட்டு அங்குலம்

சுன்மாயா மோக்தான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் சனிக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை முதலில் விளையாட்டாகச் சொன்னவன் ரபின். அவளே நம்பும்படி சொன்னவன் நான்.

லலித்பூரில் குபொண்டோல் ஏற்றத்தில் என் கடை. மலை சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பேன், பழுது பார்ப்பேன், பழசை வாங்கிப் புதுப்பித்து விற்பேன். நாங்கள் நகர்மி ஜாதி, தலைமுறை தலைமுறையாக இரும்பு அடித்தவர்கள். இரும்பு விஷயத்தில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் எங்களோடு கூடப் பிறந்தது. வாசலில் ஆள் நுழையும்போதே "உனக்குப் பதினாறு", "உனக்குப் பத்தொன்பது" என்று பிரேம் அளவைச் சொல்லிவிடுவேன். கடையில் அளவெடுக்கும் டேப் இருந்தது, பெட்டிக்கு அடியில் எங்கோ கிடந்தது. அதை எடுத்தால் கௌரவக் குறைச்சல்.

சுன்மாயா காவ்ரே பக்கத்து மலைக்காரி. பத்தொன்பது வயதில் இங்கே வந்து ஜாவலாகேலில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிகாலையில் கறுப்பு இரும்பு சைக்கிளின் பின்னால் ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகக் கொடுத்து வருவாள். எங்கள் ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். அவள் மட்டும் இறங்காமல், கியர் வைத்த சைக்கிளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தாண்டிப் போனதை நான் கதவு திறக்கும்போது பார்த்தேன். மறுநாள் அவளை நிறுத்தினேன்.

"தங்கச்சி, சனிக்கிழமை லீவுதானே? லாகுரி பஞ்ஜாங் மலைக்குப் போறோம், வர்றியா?"

"எதுக்கு? அங்க யாருக்கு ரொட்டி?"

"யாருக்கும் இல்ல. சும்மா ஏறி, டீ குடிச்சிட்டு இறங்குவோம்."

"சும்மாவா?" என்று சிரித்தாள். ஆனால் வந்தாள்.

வாடகை சைக்கிள்களிலேயே மட்டமானதை அவளுக்குக் கொடுத்தேன். பதினைந்து அங்குல பிரேம், பெயின்ட் உரிந்தது. யாரும் கேட்காததால் மூலையில் கிடந்தது. மலையடிவாரத்து லுபுவிலிருந்து மேலே போகும் அந்தச் செங்குத்துப் பாதையில் அவள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து டீக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். இறக்கத்திலும் சளைக்கவில்லை. கல்லும் புழுதியுமான வளைவுகளில் ரபினின் பின்சக்கரத்தை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தாள். ரபின் கல்லூரியில் கணக்கு எழுதுகிறவன், வாய் மட்டும் நூறு ஆளுக்குச் சமம். அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்தும் நான் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

நாலு மாதம் கழித்து எல்ஸ்பெத் என்ற சுவிஸ் பெண் ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை என் கடையில் விட்டுப்போனாள். ஆறடி உயரம், அகலத் தோள். "சைக்கிள் ஓட்டுற ஒரு பொண்ணுக்குக் கொடு" என்று மட்டும் சொன்னாள். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போவதுதான் நல்ல சைக்கிள். அது யார் உடம்புக்குச் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. பளபளவென்று வெள்ளை பிரேம், முன்னால் எண்ணெய் ஷாக் அப்சார்பர், பதினெட்டு அங்குலம். சைக்கிள் ஓட்டும் பெண் என்று எனக்குத் தெரிந்தவள் சுன்மாயா ஒருத்திதான்.

சீட்டை அடிவரை இறக்கிவிட்டு, அவளைக் கூப்பிட்டு மேல் குழாயின் இரு பக்கமும் காலூன்றி நிற்கச் சொன்னேன். பாதம் தரையில் முழுசாகப் பட வேண்டும், குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே சட்டம் இது. அவளுக்கு மூன்று விரல் போனது. அஞ்சடி மூன்று அங்குல உயரத்தில் முக்கால்வாசி கால்தான் அவளுக்கு.

"பார்த்தியா? உனக்கே செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன்.

ஏறி உட்கார்ந்து கடை வாசலில் ஒரு வட்டம் போட்டு வந்தாள். "அண்ணே, ஹேண்டில் கொஞ்சம் தூரமா இருக்கற மாதிரி இருக்கு."

"பழகிடும். நல்ல சைக்கிள்னா அப்படித்தான். பந்தயக்காரங்க படுத்துதான் ஓட்டுவாங்க."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஓசியில் வந்த தங்கத்தை யார் உரசிப் பார்ப்பார்கள்? ஹேண்டிலைப் பிரேமோடு இணைக்கும் இரும்புக் கழுத்துத் துண்டை மாற்றி, குட்டையானதாகப் போட்டிருந்தால் கொஞ்சமாவது கிட்டே வந்திருக்கும். அப்படி ஒன்று என் மேஜை டிராயரிலேயே இருந்தது. ஆனால் ஒரிஜினல் பாகத்தைக் கழற்றிவிட்டு லோக்கல் சாமான் போடுவதா என்று எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து இறக்கத்தில் அவள் பின்தங்க ஆரம்பித்தாள். ஏறும்போது எப்போதும்போல முதல் ஆள். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக், கல் மேடு வந்தால் இறங்கித் தள்ளல். லுபு டீக்கடையில் நாங்கள் இரண்டாவது டீ குடித்து முடிக்கும்போது வந்து சேருவாள். வந்ததும் கைகளை உதறிக்கொண்டே இருப்பாள்.

"சுன்மாயா கீழ வந்து சேர்றதுக்குள்ள தசைன் பண்டிகையே வந்துரும் போலயே" என்பான் ரபின்.

"வந்தா வரட்டும், ஆடு வெட்டறப்ப கூப்பிடு" என்று அவளும் சிரிப்பாள்.

"சைக்கிள்ல கீறல் விழுந்துரும்னு பயப்படுறா, அவ்வளவுதான்" என்று நானும் ஒரு காரணம் சொன்னேன். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. கீறல் எல்லாம் விழுந்துவிட்டது, பயம் போகவில்லை. அப்புறம் அந்தக் காரணமும் தேவைப்படவில்லை, சுன்மாயா என்றால் பயம் என்றாகிவிட்டது.

மூன்றாம் வருஷம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோதாவரிக் காட்டுக்கு மேலே ஒரு போட்டி நடந்தது. முதல் இரண்டு பெண்களை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஐந்து சுற்று. ஐந்து ஏற்றத்திலும் சுன்மாயா முதலில் வந்தாள், ஐந்து இறக்கத்திலும் கோட்டை விட்டாள். கடைசிச் சுற்றில் பாறைப் படிகள் இருக்கும் இடத்தில் இறங்கி, சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். மூன்றாவது இடம், பதினோரு வினாடி வித்தியாசம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் சைக்கிள், என் கண்டுபிடிப்பு, எல்லோர் முன்னாலும் இப்படி ஆயிற்றே என்று. அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

"கால் இருந்து என்ன பிரயோஜனம்? உனக்குத் தைரியம் கிடையாது சுன்மாயா. அது பொறப்புலயே இருக்கணும், என்னால வாங்கித் தர முடியாது" என்றேன்.

ரபின்கூட அப்போது சிரிக்கவில்லை. அவள் "சரிதாண்ணே" என்றாள். அடுத்த வாரம் சைக்கிளைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து கடையில் விட்டாள். "தைரியம் உள்ள யாருக்காவது கொடுங்க." கோபமாகச் சொல்லவில்லை, மருந்துச் சீட்டைக் கொடுக்கிறவள் மாதிரி சொன்னாள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம். அவள் அதே பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தாள். ரொட்டி வாங்கப் போனால் நன்றாகத்தான் பேசுவாள். "ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கோயேன்" என்று யாராவது சொன்னால், "நான் பயந்தாங்கொள்ளிங்க, திலக் அண்ணனைக் கேளுங்க" என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பாள். நானும் தலையாட்டிச் சிரித்திருக்கிறேன். வெள்ளை சைக்கிளை வாடகைக்கு விட்டேன். நெட்டைக் கொக்குகளாக வந்த வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துப்போய்ப் புகழ்ந்தார்கள்.

போன பங்குனியில் பக்தபூரிலிருந்து கோபிலால் ஸுவால் என்ற கணக்கு வாத்தியார் வந்தார். அவரும் அஞ்சடி மூன்று அங்குலம், நீளக் கால். குழாய்மேல் நிற்கவைத்து மூன்று விரல் பார்த்து அதே சைக்கிளைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"சாஹுஜி, இது சைக்கிளா, மாட்டு வண்டியா? கையை இவ்வளவு நீட்டினா பிரேக் பிடிக்க விரல் எங்க மிச்சம் இருக்கு? இறக்கத்துல முன்சக்கரம் எங்கயோ போகுது, நான் எங்கயோ போறேன். விரல் மரத்தே போச்சு."

"ஸார், உங்க காலுக்கு இது கச்சிதம். நீங்களே பார்த்தீங்களே."

"நான் என்ன காலாலயா ஹேண்டிலைப் பிடிக்கறேன்?" என்றார். கடை நடுவில் கைகளை அகல விரித்து நின்றார். "நல்லா பாருங்க. எனக்குக் கை குட்டை. சட்டை வாங்கினா எப்பவும் மடிச்சுத்தான் விடுவேன். ஒரு டெய்லர் பார்க்கறதை நீங்க பார்க்க மாட்டீங்களா?"

அவருக்குப் பின்னால் சுவரில் சுன்மாயாவின் போட்டோ தொங்கியது. வெள்ளை சைக்கிளில் லாகுரி இறக்கத்தில் வரும்போது ரபின் எடுத்தது, நன்றாக வந்திருக்கிறது என்று நான்தான் சட்டம் போட்டு மாட்டினேன். தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றும்போது கண்ணில் படும். அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்கை மடங்கவே இல்லை. இரண்டு கையும் கம்பு மாதிரி விறைத்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிரேக் பிடியில் விரல் நுனி மட்டும் தொட்டிருக்கிறது. உடம்பைப் பின்னால் தள்ளவும் வழியில்லை, பக்கத்தில் சாய்க்கவும் வழியில்லை. அப்படி ஒருத்தியை அந்த மலையில் மூன்று வருஷம் இறக்கிவிட்டிருக்கிறேன். வாத்தியார் காசு கொடுத்தவர், அதனால் ஒரு மணி நேரத்தில் கத்தினார். அவளுக்கு இனாமாக வந்தது, அதனால் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். அவளைச் சுவரோடு நிற்கவைத்து உயரம், உள்ளங்கால் வரை கால் நீளம், இரண்டு கையையும் விரித்த நீளம், எல்லாம் எடுத்தேன். பொதுவாக விரித்த கையும் உயரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும், அவளுக்குக் கை மூன்று அங்குலம் குறைவு.

"என்னண்ணே, எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள் மாவுக் கையோடு.

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கோ."

அந்தப் பழைய பதினைந்து அங்குல பிரேம் இன்னும் மூலையில்தான் கிடந்தது. அதைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, குட்டைக் கழுத்துத் துண்டு போட்டு, பிரேக் பிடியை விரலுக்குக் கிட்டே திருகி வைத்தேன். அவளை வரவழைக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.

"அந்த இறக்கமா? வேண்டாம்ணே. இந்த வயசுல அடிபட்டா அடுப்பை யார் பார்ப்பா?"

"மேல வரைக்கும் வா. இறங்கறப்ப தள்ளிக்கிட்டே வா, நானும் கூடத் தள்றேன்."

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பழக்கம் விட்டுப்போனதால் ஏறும்போது நிறைய இடத்தில் நின்றாள். மேலே டீ குடித்தோம். முதல் வளைவில் காலை ஊன்றி மெதுவாக இறங்கினாள். இரண்டாவதில் ஊன்றவில்லை. மூன்றாவதுக்கு அப்புறம் எனக்கு அவள் கிளப்பிய புழுதிதான் தெரிந்தது. முன்பெல்லாம் இறங்கி நடக்கும் அந்தக் கல் மேட்டில் அவளுடைய சக்கரத் தடம் நேராகப் போயிருந்தது. என்னால் பிடிக்கவே முடியவில்லை.

லுபு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளை பிரேம், அவள் கை, போட்டோ, டிராயரில் கிடந்த துண்டு, கோதாவரியில் நான் பேசிய பேச்சு. தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் என் குரலில் கொஞ்சம் இருந்தது, அதற்கும் சேர்த்து என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நீ பயந்தவளே இல்ல, சுன்மாயா. ஒரு நாளும் இல்ல. என்னை மன்னிச்சிரு."

அவள் சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். டீ வந்தது, அவள் தொடவில்லை.

"கேசவைத் தெரியுமா உங்களுக்கு? பேக்கரிக்கு மாவு வண்டி கொண்டு வருவாரே."

"பாண்டே வீட்டுப் பையனா? பனேபாவுக்குப் போயிட்டானே."

"ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேட்டாரு. நாலு வருஷம் ஆச்சு. அவங்க பாஹுன் பிராமணங்க, நான் தாமாங் சாதி. ரெண்டு வீட்டுலயும் வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்ணே." கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "நான் பயந்தவ, ஒரு மலையை விட்டு இறங்கவே முடியாதவ, இதுக்கெல்லாம் தைரியம் பொறப்புலயே இருக்கணும்னு சொன்னேன். அவரு நம்பல. திலக் அண்ணனே சொல்லியிருக்காருன்னு உங்க பேரைச் சொன்னேன். அப்புறம்தான் நம்பினாரு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"இப்ப அவருக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றாள். எழுந்து சைக்கிளை உருட்டி வந்து ஹேண்டிலை என் கையில் கொடுத்தாள். "இதை ஏண்ணே எனக்குச் சொன்னீங்க? பயந்தவன்னு நினைச்சுக்கிட்டு நான் நல்லாத்தானே இருந்தேன்."