என் பேரில் யாரோ போட்ட கையெழுத்து

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். அப்போதுதான் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு, சேலை மாற்றியே ஓய்ந்து போவேன். வீட்டுக்காரர் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கே ஊழியர் குடும்பத்துக்கு ஆபரேஷன் இலவசம். ஆனால் மனைவி பேரில் வேறு இன்சூரன்ஸ் இருக்கக்கூடாது. அதனால் கம்பெனி எடுத்திருந்த குரூப் பாலிசி எனக்கு வேண்டாம் என்று முந்தின வருஷமே எழுதிக் கொடுத்து விலகியிருந்தேன்.

ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். பாலிசி இல்லை என்று கம்பெனியில் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், புது வருஷப் பட்டியலில் என் பேர்! ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

சரி, சேர்த்ததுதான் சேர்த்தார்கள், அதிலேயே செய்துகொள்வோம் என்று வேலூர் லாங் பஜார் பக்கத்தில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஓடினேன்.

“நடுவுல விட்டுட்டு திரும்ப சேந்திருக்கீங்க மேடம். ஏற்கெனவே இருக்கற வியாதிக்கு ஒரு வருஷம் ஆவணும். வருஷம் முடியாம பேரயும் எடுக்க முடியாது” என்றார் அங்கிருந்த ஆபீசர்.

“நான் எங்க சார் சேந்தேன்? யார் கேட்டாங்க என்னை?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சம்மதம் இல்லாமல் சேர்த்தது செல்லாது, பேரை எடுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தேன். அவர் நிதானமாக ஃபைலைப் பிரித்து சம்மதப் பாரத்தைக் காட்டினார். கீழே என் கையெழுத்து. நான் போட்டதில்லை. யார் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரி.

மறுநாள் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

“பழைய லிஸ்ட்டப் பாத்து எழுதினேன்கா. உம் பேரும் இருந்துச்சி, போட்டுட்டேன். எல்லாருக்கும் நாமதானே போடறோம்?”

உண்மைதான். தையல் லைன் பெண்களை மெஷினை விட்டு எழுப்பினால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் பாரம் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி, சாய்த்தும் நிமிர்த்தியும் அத்தனை பேருக்கும் போட்டுத் தள்ளுவோம். உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர்களில் ஒருத்தியைக்கூட நான் கேட்டதில்லை. பாவி நான்.

“அக்கா, அது பொய்க் கையெழுத்துன்னு ஆச்சுன்னா எல்லா பாரத்தையும் எடுத்துப் பாப்பாங்க. ரெண்டு பேருக்கும் வேல போய்டும்” என்று அழுதாள். பாதிப் பாரங்கள் என் கையால் போட்டவை.

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“அப்ப பாரத்துல இருக்கறது உங்க கையெழுத்துதான்னு எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் பாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒத்துப்போகலியே மேடம்.”

“கை நடுங்கிடுச்சி சார். வேற தாள் குடுங்க.”

பாரத்தில் இருந்ததை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, அப்படியே போட்டேன். அச்சாக வந்தது.

“ஆங், இப்ப சரி” என்று சீல் குத்தினார்.

இன்னும் ஒரு வருஷம். பஸ்ஸில் இடம் இருந்தது. சீட்டில் கறை பட்டுவிடுமோ என்று ஆம்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.