கேக்குக்குள் ஒரு கமான்

அத்தை வீட்டுச் சமையலறையில் இரண்டு எவர்சில்வர் வளையங்கள் உண்டு. பெரியதன் மேல் சாம்பார்ப் பாத்திரம் உட்காரும், சின்னதன் மேல் பால் பாத்திரம். பிரிமணைக்கு எதற்கு இவ்வளவு பளபளப்பு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பரின் பக்கத்திலேயே நின்று மாமா கடைய வைத்து வாங்கியவை அவை. கேக் சுடுவதற்காக. வட்டம் ஒரு மயிரிழை கோணியிருக்கிறது என்று ஒருமுறை திருப்பிக்கூடக் கொடுத்தார். நண்பர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மாமாவின் போனை எடுக்கவில்லை.

மாமா காஞ்சன்பாக் பக்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன செய்தார்கள் என்று அத்தைக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டால் "ஒரு சாமான்" என்பார், அவ்வளவுதான். ஆனால் நாட்டு ரகசியத்தை அத்தனை வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்த மனிதரால் வீட்டு ரகசியம் எதையும் வாசல்படி தாண்டும்வரைகூட வைத்திருக்க முடியாது. அத்தைக்குப் பிறந்தநாள் புடவை வாங்குவதென்றால் அத்தையையே கடைக்கு அழைத்துப்போய், வெளிச்சத்தில் பிரித்து, சாயம் போகிறதா என்று ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வாங்குவார். எதையும் சோதிக்காமல் விடமாட்டார். குடை வாங்கினால் குளியலறை ஷவருக்கடியில் விரித்து நிற்பார். இட்லித் தட்டு மேசைக்கு வந்ததும் ஒன்றைப் பிளந்து உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்ப்பார். அத்தை பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலைக்காக மதுரையிலிருந்து வந்த நான், செகந்திராபாத்தில் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். அத்தைக்கு அறுபது வயது நிறையப்போகும் சமயம், என்ன வேண்டும் என்று கேட்டேன். "எனக்கென்னடா வேணும். ஒரே ஒரு தடவை, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எதையாவது பிரிக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மாமாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் மேசையிலிருந்த டப்பாவின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "வெளிய தெரியாம உள்ள இருக்கணும், அதுதானே? அது நம்ம டிபார்ட்மெண்ட்" என்றார்.

நான்தான் போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். வெளியே வெறும் வெள்ளைக் கிரீம் பூசிய அடுக்குக் கேக். வெட்டினால் உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகச் சதுரங்கக் கட்டம். அதன் சூட்சுமம் எளிது. தட்டில் வளையங்களை நிறுத்தி இரண்டு நிற மாவையும் மாற்றி மாற்றி ஊற்றி, வளையங்களை உருவிவிட்டுச் சுட வேண்டும். மூன்று அடுக்கு. அடியிலும் மேலும் பழுப்பு விளிம்பு, நடு அடுக்குக்கு மட்டும் மஞ்சள் விளிம்பு.

சோதனைக் கேக் மாடியில் என் ஓவனில் வெந்தது. ஒரே தட்டுதான் இருந்தது. அதனால் மாமா அடுக்கை ஒவ்வொன்றாகச் சுட்டு, அடியிலிருந்த வெண்ணெய்த் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் எழுதி, அதே வரிசையில் அடுக்கினார். வெட்டினோம். கட்டம் கட்டமாக அச்சு வார்த்தது போல இருந்தது. மாமா ஸ்கேல் வைத்துப் பார்த்து, "பாஸ்" என்றார். என் ஆபீஸ் நண்பர்கள் அதைத் தின்று தீர்த்தார்கள்.

பிறந்தநாளன்று காலையில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மாமா இன்னொரு தட்டும் வாங்கியிருந்தார். நான் கீழே அத்தையைப் பேச்சில் பிடித்துவைத்திருந்தேன். மேலே போனபோது கேக் கிரீம் பூசித் தயாராக நின்றது. பக்கத்தில் மாமா, கையில் ஜூஸ் குடிக்கும் ஸ்டிராவோடு.

"அடியிலிருந்து ஒரு குத்து. துளி சாம்பிள். கிரீம் வெச்சு அடைச்சிட்டா யாருக்கும் தெரியாது."

"மாமா, வேணாம். அத்தைக்குக் குடுக்கிறதுல இது ஒண்ணாவது ஓட்டையில்லாம இருக்கட்டும்."

"டெஸ்ட் பண்ணாம அனுப்புறதா? நக்கோ, நக்கோ" என்று ஊர் பாஷையில் மறுத்தார். ஆனாலும் ஸ்டிராவைக் கீழே வைத்துவிட்டார். நெற்றி முழுக்க வியர்வை. சாமான்களை அனுப்பிய காலத்தில்கூட இப்படி வியர்த்திருக்காது என்று நினைக்கிறேன்.

மாலையில் அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நிற்க, அத்தை கேக்கை வெட்டி முதல் துண்டை உருவினார். கட்டத்தைக் காணோம். இரண்டு உயரமான பழுப்புத் தூண்கள், நடுவே மஞ்சள் இடைவெளி, அதன் தலையில் ஒரு பழுப்புக் கல். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தட்டு இருந்ததால் ஒரே மாதிரியான இரண்டு அடுக்கையும் முதலில் ஒன்றாகச் சுட்டிருக்கிறார். அவை ஒன்றும் இரண்டும் ஆகிவிட்டன. நடுவில் போக வேண்டியது மூன்றாம் நம்பராகி மேலே போய்விட்டது. நம்பர் வரிசையை மீறி மாமா தன் வாழ்நாளில் எதையும் அடுக்கியதில்லை.

அத்தை துண்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது கமான்தானே?" என்றார்.

பழைய நகரத்தில் தெருவுக்குக் குறுக்கே நிற்கும் பெரிய கல் வளைவுகளை இங்கே கமான் என்பார்கள். "கல்யாணமாகி வந்த புதுசுல மழையில ஸ்கூட்டர் நின்னு போச்சே. கமானுக்கு அடியில சாயங்காலம் வரைக்கும் நின்னோமே. நீங்க பிளக்கைக் கழட்டித் துடைச்சிக்கிட்டே இருந்தீங்க, நான் உங்க தலைக்கு முந்தானையைப் பிடிச்சேன். அதையா இத்தனை வருஷம் ஞாபகம் வெச்சிருந்தீங்க?"

கமான் என்றால் மேலே வளைந்திருக்க வேண்டும். இது சதுரமாக இருந்தது. அத்தைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, அழுதுகொண்டிருந்தார்.

மாமா வாயைத் திறந்தார். எனக்கு அந்த முகம் தெரியும். இட்லியைப் பிளந்து 'வேகலை' என்று சொல்லப்போகும் முகம். சொன்னால் தீர்ந்தது. நான் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹவ்" என்றார். ஆமாம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல்.

எல்லோரும் போன பிறகு மாடிக்கு வந்து என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ரிஜெக்ட் பீஸ்டா அது. முதல் தடவையா ரிஜெக்ட் பீஸைப் பாஸ் பண்ணிட்டேன்" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கி நிறுத்தவே முடியாமல் தவித்தார். ஸ்கூட்டர் நின்றது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். கமான்தான் ஞாபகம் இல்லையாம், பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால். அதற்குப் பிறகு அவர் கடைசி நாள்வரை அந்தக் கேக்கைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

மாமா இப்போது இல்லை. இந்த வருடம் அத்தையின் பிறந்தநாளுக்குப் பேக்கரியில் கேக் வாங்கிப் போனேன். வெட்டியதும் துண்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு எழுந்துபோய், சாம்பார்ப் பாத்திரத்தை நகர்த்தி, அந்தப் பெரிய வளையத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"நீதானேடா அன்னிக்கு அவர்கூட இருந்த. நிஜத்தைச் சொல்லு. அந்தக் கமான் அவருக்கே தோணுச்சா, இல்ல வேற யாராவது எடுத்துக் குடுத்தீங்களா?"

"ஹவ், அத்தை" என்றேன். "அவருக்கேதான் தோணுச்சு."

அத்தை தலையாட்டிக்கொண்டே வளையத்தைப் பழைய இடத்தில் வைத்து, சாம்பார்ப் பாத்திரத்தைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார்.