டிவி கண்டுபிடித்த நோய்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் கேமுக்கு அடிமையான பையன் என்று ஒருத்தனைக் காட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அவன் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. நீங்கள் ஒருவரையொருவர் பார்த்து, "நம்ம மாடி ரூம் அண்ணன் மாதிரியே கீறான்ல" என்று சிரித்தீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். கோபம் உங்கள் மேல் இல்லை. மாடி ரூம் அண்ணன் ஒரகடம் கம்பெனியில் எந்த ஷிப்ட் பார்க்கிறார் என்று நீங்கள் கேட்டதில்லை, அவ்வளவுதான். எனக்குப் பேசினால் கோர்வையாக வராது. அதனால் எழுதித் தருகிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

உங்கள் வயதில் நான் பென்னலூரில் இருந்தேன். ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. அந்த அறையில்தான் அப்பா, அம்மா, நான், தவணையில் வாங்கின டிவி எல்லோரும் குடியிருந்தோம். என் அம்மாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவள் தம்பி ஐடிஐ முடித்துவிட்டு, செல்போன் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து எங்களோடு வந்து தங்கினார். கிறிஸ்துமஸுக்குக் கருவாடு கட்டிக்கொண்டு வருவாரே, உங்கள் சின்னத் தாத்தா, அவர்தான். எனக்கு மாமா.

மாமா கான்ட்ராக்ட் ஆள். யாருக்கும் பிடிக்காத நைட் ஷிப்டை மற்றவர்களுக்காகவும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வார். வருஷம் முடிகிறவரை ஒரு நாளும் மட்டம் போடாமல் வந்தால் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டே மாதம் பாக்கி. காய்ச்சலோடு கம்பெனி பஸ் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அங்கே அவருக்கு ஒரே வேலை. லைனில் வருகிற ஒவ்வொரு போனையும் எடுத்து, எல்லாப் பட்டனையும் கட்டைவிரலால் அமுக்கி, திரையில் எண் வருகிறதா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். இரவு முழுக்க அதுதான்.

அவரிடம் கையடக்கமாக ஒரு வீடியோ கேம் இருந்தது, மேலிருந்து கட்டம் கட்டமாக விழுமே, அது. சென்னையில் பிளாட்பாரக் கடையில் வாங்கியது. காலையில் வந்து இட்லி வேகிற நேரத்துக்கு ஒரு ஆட்டம் ஆடுவார், பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அவருக்கு விளையாடவே வராது. ஒரு நாள்கூட என்னை ஜெயித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிவியில் அந்த நிகழ்ச்சி வந்தது. பேய் வரப்போகிற மாதிரி இசை. வீடியோ கேமைப் பற்றிய நிகழ்ச்சியில் வீடியோ கேமை ஒழுங்காகக் காட்டவே இல்லை. சிவந்த ஒரு கண்ணைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே கண்ணை இன்னும் கிட்டத்தில் காட்டினார்கள். முகத்தை மறைத்து ஒரு அம்மாவை அழவிட்டார்கள். பிறகு கண்ணாடி போட்ட டாக்டர் வந்து அடையாளங்களை அடுக்கினார். பகலெல்லாம் தூங்குவார்கள், கூப்பிட்டால் காதில் விழாது, சாப்பாடு இறங்காது, தூக்கத்திலும் விரல் அசையும், சாமான்களை உடைப்பார்கள். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள், அதுதான் நோய் முற்றினதற்கு அடையாளம் என்றார். கடைசியில் அறிவிப்பாளர் நேராக எங்களைப் பார்த்து விரலை நீட்டி, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டிவிக்குப் பக்கத்துச் சுவரோரம் மாமா படுத்திருந்தார். வயிற்றின் மேல் வைத்திருந்த கையில் கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அப்பா சிரித்தார். "இன்னாடி, நைட்டெல்லாம் வேல செஞ்சவன் பகல்ல தூங்காம டான்ஸா ஆடுவான்?"

அம்மா சிரிக்கவில்லை. சாயங்காலம் மாமா எழுந்ததும் கண்ணை விரித்துப் பார்த்தாள், கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, விரல் வீங்கியிருந்தது. அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எக்கா, விடிய விடிய பட்டன அமுக்குதேன், தூக்கத்துலயும் கை அதத்தான் செய்யுது. இதுக்குப் போயி அழுதியே" என்றார் மாமா.

"பாத்தீங்களா, இல்லன்னு சாதிக்கான்" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

மாமாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டு ஒடச்சாத்தாம்லே நான் தூங்க முடியும்" என்று என்னிடம் கத்திவிட்டுப் போனார். அப்பா சிரிப்பை நிறுத்தினது அப்போதுதான். உடைப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. டிவிக்கு இன்னும் தவணை முடியவில்லை.

கேமை அம்மா ஏரியில் போட்டுவிட்டாள். மாமா தேடவே இல்லை. தேடாமலிருக்கிறானே, வேறொன்று ஒளித்து வைத்திருக்கிறான் என்று அம்மாவுக்கு இன்னும் பயம் வந்தது. அந்த வாரமே எங்கள் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம். ஒரு மணி நேரம் வந்து ஜெபம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடு என்றுதான் அவரை அழைத்துப் போனாள். போதகர் ஐயா நல்ல மனுஷர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவர் வீட்டிலும் அந்தச் சனிக்கிழமை டிவி ஓடியிருக்கிறது.

பஸ் வருகிற நேரம் மாமா எழுந்தார். "ஐயா, டூட்டிக்குப் போவணும். ஒரு நாள் போனாலும் பேரை எடுத்துருவாங்க."

"தம்பி, உங்கள இழுக்கிறது டூட்டி இல்ல" என்று ஐயா அன்பாகச் சொன்னார்.

யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. அம்மா வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்து அழுதாள். பஸ் ஹாரன் அடித்தது எனக்கே கேட்டது. மாமா அம்மாவைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார், பிறகு கீழே வைத்துவிட்டார். மறுநாள் பட்டினியில் அவர் கை நடுங்கியது. கேம் இல்லாவிட்டால் கை நடுங்கும் என்று யாரோ விவரம் தெரிந்தவர்போல் சொன்னார்கள். எல்லோரும் இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள்.

நாலாம் நாள் போனவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கார்டைத் தேய்த்தால் சிவப்பு விளக்குதான் எரிந்ததாம். சூப்பர்வைசர் வெளியே வரவே இல்லை. மாமா ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார்.

அதற்குப் பிறகு ராத்திரியில் எல்லோரையும்போல் தூங்கினார். ஒரு வாரத்தில் கண் வெளுத்துவிட்டது, விரல் வீக்கம் வடிந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், போட்டதைச் சாப்பிட்டார். டிவி சொன்ன நோய் ஒவ்வொன்றும் அவரை விட்டுப் போய்விட்டது. அம்மா சபையில் எழுந்து நின்று, என் தம்பிக்குக் கர்த்தர் விடுதலை கொடுத்தார் என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாமா பின்வரிசையில் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு கம்பெனிகளில் அலைந்து பார்த்தார். பாதியில் நின்றவனைச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஊருக்குக் கிளம்பிய நாளில் ரோடு வரைக்கும் நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அம்மாட்ட கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுலே" என்றார். "டிவில சொன்னா நானே நம்பியிருப்பேன்."

அப்புறம் அவர் உப்பளத்துக்குத்தான் போனார். அம்மா சாகிறவரை தம்பியைக் காப்பாற்றினதாகவே நினைத்திருந்தாள். அவளிடம் யாரும் மாற்றிச் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. மாமாவுக்கு நோய் குணமாகிவிட்டது, அதனால் ஊருக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. அணைத்துக் கிடந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தேன். மேலிருந்து கீழே எல்லாப் பட்டனையும் கட்டைவிரலால் வரிசையாக அமுக்கி, கீழே வைத்து, அடுத்த போன் வந்த மாதிரி மறுபடியும் எடுத்து அமுக்கினேன். மறுபடியும், மறுபடியும். விரல் வலிக்கத் தொடங்கியது. அப்போதும் நான் விளையாடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன்.