கொடியில் காயும் சாரம் யாருடையது

மேபல் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் அட்டென்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசாங்கக் கடிதங்களில் அந்த வேலைக்குச் சிற்றூழியர் என்று பெயர். கட்டில் தள்ளுவதும் குளிப்பாட்டுவதும் மலம் அள்ளுவதும் அதில் அடக்கம். அந்தக் கைகள் இல்லாமல் எந்தப் பெரிய டாக்டரும் ஒரு நோயாளியை எழுப்பி உட்காரவைத்ததில்லை என்பது அவள் கட்சி. அது உண்மையும்கூட.

மகன் சாந்தகுமாருக்கு வங்கியில் உத்தியோகம். அம்மா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "ஹெல்த் டிபார்ட்மென்ட்ல இருந்தாங்க" என்று மழுப்புவான். மேபல் காதில் விழாதவள் போல இருந்துவிடுவாள். ஆனால் விழும்.

கணவர் சுவக்கினுக்குப் பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து, படுக்கையாகி இரண்டு வருடம். பிலிமத்தலாவை வீட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. போன மாதம் தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். பக்கத்துக் கடை அஸ்ஃபர் வந்து தூக்கிவிடும்வரை தரையில்தான் கிடந்தார்கள். அன்றைக்கே மேபல் முடிவெடுத்துவிட்டாள், அவரை நல்லதொரு முதியோர் இல்லத்தில் விடவேண்டும் என்று.

சுவக்கின் கோபப்படவில்லை. குழறிய நாக்கால் ஒன்றுதான் கேட்டார்.

"அங்க என் உடுப்பத்தான் எனக்குப் போடுவாங்களா?"

கண்டவர் சட்டையையும் மாட்டிக்கொண்டு பெயர் போய் 'ஏழாம் கட்டில்' ஆகிப்போன எத்தனையோ பேரை மேபல் குளிப்பாட்டியிருக்கிறாள். தன் புருஷன் அப்படி ஆகக்கூடாது.

குண்டசாலையில் மகன் பார்த்துவைத்த இடம் பளபளவென்று இருந்தது. வாசலில் மீன்தொட்டி. மேனேஜர் படம் போட்ட புத்தகத்தை விரித்தார். மேபல் அதைப் பார்க்கவே இல்லை.

"பின்பக்கம் போகலாமா? உடுப்புக் காயிற கொடியப் பார்க்கணும்."

கொடியில் ஆண்கள் இடுப்பில் கட்டும் நீலச் சாரம் ஒன்று ஆடியது. இது யாருடையது என்று அங்கே நின்ற பெண்ணைக் கேட்டாள். "யாருக்கு அளவா இருக்கோ அவங்களுக்குத்தான்" என்றாள் அவள். மேபல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த இடத்தில் வாசலிலேயே பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. "இவ்வளவு ஊத்தினா எதையோ மறைக்கிறாங்கனு அர்த்தம்" என்று காரை விட்டு இறங்கவே மறுத்துவிட்டாள்.

"நீங்க என்ன இன்ஸ்பெக்டரா அம்மா?" சாந்தகுமார் எரிந்து விழுந்தான்.

"இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் தெரியாது."

மூன்றாவது இடம் கெலிஓயாவில். சுவரில் காரை பெயர்ந்த பழைய வீடு. சாந்தகுமார் முகத்தைச் சுளித்தான். மேபல் நேரே கொடிக்குப் போனாள். நிரோஷினி என்ற பிள்ளை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கட்டம் போட்ட சாரம்?"

"கணேஸ் ஐயாவோடது. வேற கட்டச் சொன்னா குளிக்கவே வரமாட்டாரு."

"இந்த ரவிக்கை?"

"ராக்கம்மா பாட்டிது. சிவப்பு நூல் பாருங்க."

ஒவ்வொரு உடுப்பின் ஓரத்திலும் ஒரு நிற நூலால் தையல் ஓடியிருந்தது. ஆளுக்கொரு நிறம். மேபல் உள்ளே போய், கணேஸ் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, போர்வையை விலக்கி, படுக்கைப் புண் சீக்கிரம் வருகிற குதிகாலைப் பார்த்தாள். புண் இல்லை, சிவப்புக்கூட இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது. தன்னைப் போலவே வேலை செய்கிற ஒருத்தியைக் கண்ட பெருமை அது.

இல்லத்தின் பொறுப்பாளர், சித்தி றலியா என்ற முஸ்லிம் பெண்மணி, இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேர்க்கைப் படிவத்தைச் சாந்தகுமாரிடம் நீட்டியபடி கேட்டார்.

"நேரா குதிகாலப் பார்க்கிறாங்களே. உம்மா என்ன வேல செஞ்சாங்க, தம்பி?"

மேபல் வழக்கம்போலக் காது கேளாதவளாகக் கொடிப்பக்கம் திரும்பினாள். சாந்தகுமாரின் பார்வை அந்தக் குதிகாலிலிருந்து அம்மாவின் கைகளுக்குப் போனது.

"அட்டென்டன்" என்றான். "முப்பத்தொரு வருஷம். எங்க அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு புண் இல்லங்க."

படிவத்தில் மனைவியின் தொழில் என்ற இடத்திலும் அதையே எழுதினான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டைகளை வாசித்துப் பழகிய மேபல், எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே அதை வாசித்தாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தான்.

பிறகு நிரோஷினியிடம் கேட்டாள்.

"பச்சை நூல் யாருக்காவது இருக்கா?"

"இல்லங்க."

"அப்ப அது எங்க வீட்டுக்காரருக்கு. நானே தச்சு எடுத்துட்டு வாறேன்."